புகுந்த நாட்டில் இல்லறம்

நம் கல்லூரியின் பழைய மாணவருள் இற்றைக்குக் கடல்கடந்து வாழ்வோர் பலர். இவ்விதழ் ஆண்டுதோறும் அச்சேறியவுடன் அதன் பிரதிகள் இலண்டன், சிட்னி, ஒஸ்லோ, ரொறன்ரோ முதலிய நகரங்களுக்குத் தபாலிற் செல்லுகின்றன. அவ்வூர்க் கிளைச் சங்கங்களின் அறிக்கைகளும், இராப்போசன விருந்திலே நிரையாக நின்று பிடித்த படங்களும், கட்டட நிதிக்கு அவர் உதவிய தொகையும் இவ்விதழிலே தவறாது வெளிவருகின்றன. நன்று. ஆயின், விருந்து முடிந்து அவ்வன்பர்கள் தத்தம் இல்லம் மீண்டபின் அவ்வில்லத்தினுள்ளே வாழ்க்கை எவ்வாறு நடைபெறுகின்றதென்பதைப்பற்றி ஒருவரும் எழுதக் கண்டிலேம்.

சென்ற ஆண்டு ஐப்பசி தொடங்கிப் பங்குனி ஈறாக ஆறு திங்கள் நாம் கனடா தேசத்து ரொறன்ரோ நகரின் கீழ்த்திசைப் பகுதியாகிய ஸ்காபறோவிலே, எம் தமையனாரின் மகள் இல்லத்தில் தங்கியிருந்தோம். யாழ்ப்பாணத்து வழக்கிலே அவள் எமக்குப் பெறாமகள். நம் கல்லூரியிற் படித்தவள். அவளும், அவள் கணவரும், கணவரின் தாயாரும், பிள்ளைகள் மூவருமே அவ்வீட்டிலுள்ளார். அவரது இசைவு பெற்றே பின்வருவனவற்றை எழுதுகின்றோம். எம் கருத்துக்களை அங்குள்ள அன்பர் சிலர் ஏற்கார் என்பது எமக்குத் தெரியும், நேரிலேயே மறுத்துரைத்தனர். மறுப்பை அடுத்த இதழுக்கு எழுதியனுப்புமாறு அவரை வேண்டிக்கொண்டே புறப்பட்டோம்.

யாழ்ப்பாணத்தார்க்கு வெளிநாடு புதிதன்று. மலாயாவிலே முதல் இருப்புப்பாதை 1885-ஆம் ஆண்டு தைப்பிங் நகரினின்று போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடத் தொடங்கிய பின்னர், நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் கற்ற இளைஞர் எழுதுவினைஞராயும், புகையிரத நிலைய அதிபராயும், நிலமளப்போராயும், ஆசிரியராயும் அத்தேசத்துக்குச் சென்றனர். கோலாலம்பூரிலே 1902-இல் கந்தசுவாமி கோயிலைத் தாபித்தனர், சிங்கப்பூரிலே செண்பக விநாயகர் கோயிலைப் பேணினர், சங்கங்கள் கூட்டினர், பந்து விளையாடக் கழகங்களும் அமைத்தனர். ஆயினும் அவருட் பலருடைய மனம் ஊரிலேயே நின்றது. மாதந்தோறும் மணியோடர் வந்தது, காணி வாங்கப்பட்டது, பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் சேர்க்கப்பட்டது. உபகாரச் சம்பளம் பெற்றவுடன் பலர் மீண்டுவந்து கல்வீடு கட்டி வாழ்ந்தனர். ‘மலாயாப் பென்சன்காரர் வீடு’ என்று முதியோர் இன்றுஞ் சுட்டிக்காட்டும் வீடுகள் நம்மயலிலேயே உள. அவர்க்கு வெளிநாடு உத்தியோகம் பார்க்குமிடம். ஊரே இல்லறம் நடத்துமிடம். ஆதலின் அங்கே எப்பொழுதும் பெட்டி கட்டியவராய் இருந்தது அவர்க்குப் பொருந்திற்று.

கனடாவுக்குச் சென்றோர் நிலை வேறு. 1983-ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்பின் உயிர்க்கஞ்சி ஓடியோர் அவருட் பலர். 1986-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே 155 தமிழர் உயிர்காப்புப் படகுகள் இரண்டிலே நியூபவுண்ட்லாந்துக் கடலில் மூடுபனியினூடே அலைந்ததையும், கஸ் டால்ற்றன் என்னும் மீன்பிடிகலத் தலைவர் அவரைக் கண்டு கைகொடுத்ததையும் அங்குள்ளோர் இன்றுஞ் சொல்லக் கேட்டோம். அப்படகினின்று இறங்கியோர் உபகாரச் சம்பளக் கணக்கோடு இறங்கியவரல்லர். மீளுநாள் குறித்துச் சென்றவருமல்லர். போர் 2009-இல் முடிந்தபின்னும் குடும்பத்தோடு மீண்டோர் சிலரே. அவர் பிள்ளைகள் அந்நாட்டுக் குடிகள். பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். மலாயாக்காரர்க்குப் பொருந்திய மனநிலை இவர்க்கு எவ்வாற்றானும் பொருந்தாது. பொருந்தாத அதனையே பலர் இன்னுங் கைக்கொண்டிருக்கின்றனர் என்பதே எம் முறைப்பாடு.

எம் பெறாமகள் வீட்டுச் சமையலறைச் சுவரிலே கடிகாரம் இரண்டு. ஒன்று ரொறன்ரோ நேரம் காட்டுவது. மற்றையது யாழ்ப்பாண நேரம். கோடையில் ஒன்பதரை மணியும் பனிக்காலத்திற் பத்தரை மணியும் இரண்டிற்கும் வேற்றுமை. காலையிலே பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் வேளை ஊரிலே விளக்கேற்றும் வேளையாதலின், தொலைபேசி அப்பொழுதே ஒலிக்கும். கோயிற் கொடியேற்றம், காணி எல்லைச் சச்சரவு, இன்னார் வீட்டுக் கிணறு உவர்ப்பானது ஆகிய அனைத்தும் காலை எட்டு மணிக்குள் அவ்வீட்டிலே தெரிந்துவிடும். அவ்வீட்டிற்கு அவர்கள் குடிவந்து ஏழாண்டு. பக்கத்து வீட்டில் வசிப்பவரின் பெயர் ஏழாண்டாகத் தெரியாது.

இதனை ஏளனமாகக் கூறினோமல்லேம். முதல் மூன்றாண்டும் அவர்கள் வேறொருவர் வீட்டின் நிலத்தடி அறைகளிற் குடியிருந்தவர்கள். அங்குள்ளோர் அதனைப் ‘பேஸ்மென்ற்’ என்பர். புதிதாக வருவோர் பலர் அவ்வாறே தொடங்குகின்றனர். சாளரம் முகட்டையொட்டி ஒருமுழ உயரத்தில் இருக்கும். அதனூடே நோக்கின் வழிச்செல்வோரின் காலணிகளே தோன்றும். மார்கழியிலே மாலை ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறையும் நாட்டில், அத்தகைய அறையிலே கைக்குழந்தையோடு பகல்முழுதும் தனித்திருந்த பெண்ணின் மனம் என்னாகும்? கணவர் பகலில் ஒரு தொழிற்சாலையிலும் இரவில் வேறோரிடத்திலும் வேலை செய்தார். “அந்த நாளிலே, சித்தப்பா, நான் வாய்திறந்து கதைத்ததென்றால் ஊருக்குத் தொலைபேசியிலே கதைத்ததுதான்” என்று அவள் கூறினாள். சுவரிலே யாழ்ப்பாணக் கடிகாரம் ஏறியது அந்நாளிலே. வேண்டியபோது ஏறிற்று. இறக்க வேண்டியபோது ஒருவரும் இறக்கவில்லை.

பெயர்ச் சங்கடமொன்றையும் இங்குக் குறித்தல் தகும். நம்மவர்க்குக் குடும்பப்பெயர் என்பது இல்லை. தந்தை பெயரே முன்னிற்பது. அந்நாட்டுப் படிவங்களிலோ குடும்பப்பெயருக்கெனத் தனிக்கட்டம் உண்டு. அதிலே கணவர் தம் தந்தையார் பெயரை எழுதினார்; மனைவி தன் தந்தையார் பெயரை எழுதினாள்; பிள்ளைகளுக்கு அவர்தம் தந்தையின் பெயர் எழுதப்பட்டது. ஆகவே ஒரே வீட்டில் மூன்று குடும்பப்பெயர். பாடசாலை அலுவலகத்து அம்மையார் இவர் அனைவரும் ஒரே குடும்பந்தானோவென ஐயுற்றாராம். எம் தமையனார் பெயரோ ‘திருமதி’ என்னும் அடையோடு மாதந்தோறும் கடிதவுறைகளில் வந்துகொண்டிருக்கின்றது. அவர்க்கு இதனை நாம் இன்னும் அறிவித்திலேம்.

ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி வீட்டின் ஒவ்வொரு மாடியிலும் புகை கண்டால் அலறும் மணி பொருத்தியிருத்தல் வேண்டும். அதனை இயற்றினோர் செத்தல்மிளகாய் வறுப்பாரை நினைந்திலர் போலும். அப்பம்மா தூளுக்கு மிளகாய் வறுக்குந்தோறும் மூத்த பேரன் ஒரு துவாயைப் பிடித்துக்கொண்டு மணியின்கீழ் நின்று வீசுவான். அதுவே அவ்வீட்டில் அவனது முதலாம் உத்தியோகம். இரண்டாம் உத்தியோகம் மொழிபெயர்ப்பு.

அவனுக்குப் பதினொரு வயது. பாடசாலையினின்று வருங் கடிதம், மின்சாரக் கணக்கு, வங்கி அறிவித்தல், கதவைத் தட்டுவோன் சொல்லுஞ் செய்தி ஆகிய யாவும் பகல்வேளையில் அவன் வாய்வழியே அவ்வீட்டினுட் புகும். ஆசிரியர் பெற்றோரை அழைத்துப் பேசும் நாளிலே, தன் தம்பியின் குறும்புகளைத் தாய்க்கு எடுத்துரைப்பவனும் அவனே. அவற்றுள் எவ்வளவு சொன்னான், எவ்வளவு விட்டான் என்பது அவனுக்கும் தம்பிக்குமே வெளிச்சம். இதனைக் கேட்டு நாமும் சிரித்தோம்.

தை மாதத்திலே அச்சிரிப்பு அடங்கிற்று. அப்பம்மாவின் இருமல் ஆறு கிழமையாகியும் மாறாமையின் நெஞ்சுப் படம் எடுத்தனர். பின்னர் ஒரு நிபுணரிடம் அனுப்பினர். ஸ்காபறோவிலே தமிழ் மருத்துவர் பலர் உளர். அவர்களுடைய குடும்ப மருத்துவரும் தமிழரே. நிபுணரோ தமிழரல்லர். கணவர்க்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. பெறாமகளும் மாமியாரும் சென்றனர். பேச்சுக்காகச் சிறுவனைப் பாடசாலைக்கு அனுப்பாது உடன்கொண்டு சென்றனர். நாமும் சென்றிருக்கலாம். முப்பதாண்டு ஆங்கிலம் கற்பித்த நாம், வெளியே பூச்சியத்தின்கீழ் 18 பாகைக் குளிர் என்று கேட்டு வீட்டில் இருந்துவிட்டோம். இக்குற்றம் எம்முடையது.

நுரையீரலிலே ஒரு நிழல் தெரிகின்றது. அஃது இன்னதென அறிய வேறொரு சோதனை வேண்டும். புற்றுநோயாகவும் இருக்கலாம், இல்லாதிருக்கவும் கூடும். ஒரு கிழமைக்குள் வந்து செய்துகொள்க என்று மருத்துவர் கூறினார். சிறுவன் அப்பம்மாவின் முகத்தைப் பார்த்தான். “ஒன்றுமில்லையாம் அப்பம்மா; குளிசை போட்டால் மாறிவிடுமாம்” என்றான். தாய் அருகிலேயே இருந்தாள். ‘கான்சர்’ என்னுஞ் சொல் அவள் காதிலும் விழுந்தது. விழுந்தும், மகன் சரியாகவே சொல்லியிருப்பான், தானே பிழையாகக் கேட்டிருக்கவேண்டும் என்று எண்ணி வாளாவிருந்தாள்.

பதினொரு நாள் அச்செய்தி அச்சிறுவன் நெஞ்சிலே தனித்துக் கிடந்தது. அவன் உண்டி குறைந்தது. இரவிலே தன் படுக்கையை விட்டு அப்பம்மாவின் கட்டிலருகே நிலத்திற் படுத்தான். கேட்டபோது தன் அறை குளிர்கின்றதென்றான். அதனை நம்பி, வெப்பமூட்டும் பொறியைத் திருத்துவோனை அழைத்துக் காட்டினோம்! பன்னிரண்டாம் நாள், சோதனைக்கு ஏன் வரவில்லையென்று மருத்துவ நிலையத்தார் கணவருடைய கைத்தொலைபேசிக்கு அழைத்துக் கேட்டபோதே உண்மை வெளிப்பட்டது. அதன்பின் சோதனை செய்தனர். பழைய நிமோனியாக் காய்ச்சல் விட்டுச்சென்ற வடுவேயன்றிப் பிறிதில்லையெனத் தெளிந்தது. அப்பம்மா இன்று நலமாயிருக்கின்றார். வேறுவகையாக முடிந்திருப்பின் அச்சிறுவன் தன் வாழ்நாள் முழுதும் எதனைச் சுமந்து திரிவான் என்பதை எண்ணவும் எமக்கு அச்சமாயிருக்கின்றது.

அவனை ஒருவரும் கோபிக்கவில்லை. தந்தை மட்டும், “எனக்காவது ஏன் சொல்லவில்லை, தம்பி?” என்று கேட்டார். “எப்படித் தமிழிலே சொல்லுவதென்று தெரியவில்லை அப்பா” என்றான். அவ்விடையை நாம் பலநாள் எண்ணிப்பார்த்தோம்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகக் கொள்ளலாகாது என்பது எம் முதற் கருத்து. நோர்வே தேசத்திலே 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், அவசர வேளை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அரச அலுவலகங்களும் மருத்துவ நிலையங்களும் சிறுவரை இவ்வாறு பயன்படுத்துதலைத் தடுக்கின்றது. அத்தேசத்திலும் நம்மவர் வாழ்கின்றனர். இச்சட்டத்தால் அவர்க்கு யாதொரு கேடும் வந்ததாகக் கேட்டிலேம். வேறு நாடுகளில் வாழ்வோர் சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டுவதில்லை. தம் வீட்டிற்குத் தாமே இதனை விதித்துக்கொள்ளலாம். மருத்துவமனைகளிலே முன்கூட்டிக் கேட்பின் தொலைபேசி வாயிலாகவேனும் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதுண்டு. கேட்பதற்கு வெட்கப்படுகின்றோம். பிள்ளை அந்நாட்டாரைப்போலவே ஆங்கிலம் பேசக் கேட்டு உள்ளங் குளிர்கின்றோம். வெட்கமும் பெருமையும் சேர்ந்து ஒரு சிறுவன் தலையிலே பெரியோர் சுமையை ஏற்றிவிடுகின்றன.

ஆயின் இவ்விதி செல்லுதற்குத் தாய் தானே பேசக் கற்றல் வேண்டும். தந்தை தொழிலிடத்திலே எவ்வாறோ கற்றுக்கொள்கின்றார். வீட்டிலிருப்பவளே தனித்துவிடப்படுகின்றாள். கனடா அரசினர் 1992-ஆம் ஆண்டு முதல் புதிதாய்க் குடியேறுவோர்க்குக் கட்டணமின்றி மொழி கற்பித்து வருகின்றனர். சிலவிடங்களிலே தாயர் படிக்கும்பொழுது குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாரும் உளர். குடியுரிமை பெறுமுன்னரே அவ்வகுப்பிற் சேர்தல் வேண்டும். பெற்றபின் அவ்வாயில் அடைபட்டுவிடும். இதனை அறியாது காலங்கழித்தோர் பலரைக் கண்டோம். பெறாமகள் அறிந்தும் செல்லாதவள். காரணம் கேட்டபோது, “நான் சாதாரண தரப் பரீட்சையிலே ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி எடுத்தவள், சித்தப்பா; அரிவரிப் பிள்ளைபோல அங்கே போய் இருப்பதோ?” என்றாள்.

இவ்விடத்திலே நம் கல்லூரியையும் எம்மையும் விலக்கிப் பேசுதல் நேர்மையாகாது. அத்திறமைச் சித்திக்குரிய ஆங்கிலத்தை அவளுக்குக் கற்பித்தவர் நாமே. இலக்கணம் வழுவாது எழுதக் கற்பித்தோம். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றக் கற்பித்தோம். காணாத ஆற்றங்கரையைப்பற்றி இருநூறு சொல்லிற் கட்டுரை வரையக் கற்பித்தோம். நோவு எவ்விடத்தில், எத்தனை நாளாக, எப்பொழுது கூடுகின்றது என்று வாய்திறந்து சொல்லக் கற்பித்திலேம். நாற்பதுபேர் இருக்கும் வகுப்பிலே ஒவ்வொருவரும் பேசுதற்குப் பொழுதேது என்று ஆசிரியர் கூறுவர். முப்பதாண்டு நாமும் அவ்வாறே கூறிவந்தோம்.

இனித் தமிழ். ஆங்கிலத்தை வற்புறுத்தினோமாதலின் தமிழைக் கைவிடச் சொல்கின்றோம் என்று யாரும் நினையற்க. தமிழிலே சொல்லத் தெரியவில்லை என்ற அச்சிறுவன் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்புக்குச் செல்பவன். குறள் மனனஞ் செய்து பரிசில் பெற்றவன். ஒன்ராறியோ மாகாணத்திலே 1977-ஆம் ஆண்டு தொடங்கிய மரபுமொழித் திட்டத்தின் வழியாகப் பொதுப் பாடசாலைகளிலேயே இத்தகைய வகுப்புகள் நடைபெறலாயின. கனடா நாடாளுமன்றம் 2016-இல் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களென ஏற்றுக்கொண்டது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலே தமிழ் இருக்கைக்கு வேண்டிய முப்பது இலட்சம் டொலர் 2021-இல் நிறைவெய்தியது. இவையெல்லாம் எமக்கும் பெருமகிழ்ச்சி தருவனவே. ஆயின் வீட்டிலே அவனோடு தமிழிற் பேசப்படுவன யாவை? சாப்பிடு, குளி, படி, சத்தம் போடாதே, நித்திரை கொள். ஏவல்வினை ஒன்றிலேயே நம் மொழி அவ்வீட்டில் உயிர்தாங்கி நிற்கின்றது! அச்சம், துக்கம், ஐயம், வெட்கம் என்பனபற்றிப் பேசுதற்கு அவனுக்கு ஆங்கிலமே உண்டு. அவ்வாங்கிலத்தைக் கேட்டு விடைசொல்வாரோ வீட்டில் இல்லை. மேடையிலே தமிழ் அழிகின்றதென்று முழங்குவோர் இதனைச் சற்றே கவனிப்பாராக.

அவ்வீட்டிலே பொழுதுள்ளவர் அப்பம்மா ஒருவரே. 1995-ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்களனைவரும் ஒரே இரவில் வீடுவாசல் துறந்து வெளியேறிய இடப்பெயர்விலே அவரும் நடந்தவர். அதனைப் பேரப்பிள்ளைகளுக்கு ஒருபோதும் சொன்னதில்லை. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றார். பயத்தைப்பற்றித் தமிழிலே பிறர் பேசக் கேட்டிராத பிள்ளை, தன் பயத்தை எவ்வாறு தமிழிற் சொல்லும்? இதனை நாம் அவரிடங் கூறியபோது அவர் விடையிறுத்திலர். பங்குனியிலே, நாம் புறப்படுதற்குச் சிலநாள் முன்னர், ஓரிரவு தாமாகவே தொடங்கினார். மழையிலே நாவற்குழிப் பாலத்தின்மேல் முன்னும் போகாது பின்னும் போகாது நெரிசலில் நின்றதையும், கையிற் கொண்டுசென்ற தண்ணீர்ப் போத்தலை அயலிலே நின்ற முன்பின் அறியாதவரின் குழந்தைக்குக் கொடுத்ததையும் சொன்னார். பிள்ளைகள் மூவரும் வாய்பேசாது கேட்டனர். பின்னர் அவர்கள் கேட்ட வினாக்களிற் பாதி ஆங்கிலத்தில் இருந்தன. அதனைக் குற்றமென்று நாம் கொள்ளோம்.

நம்மவர் அங்குக் கூடிவாழும் வாழ்வையும் பற்றி ஒருசொல். ஊர்ச்சங்கம், பாடசாலைச் சங்கம், கோயில், தேவாலயம், நடன அரங்கேற்றம், பிறந்தநாள் என்று கிழமை முடிவுதோறும் மண்டபங்கள் நிறைகின்றன. ஒருவர் இறந்துவிட்டாற் பணமும் சோறும் ஆளும் அழையாமலே வந்து சேருகின்றன. இதற்கு ஈடான ஒன்றை வேறெவ்வினத்தாரிடத்தும் நாம் கண்டதில்லையென்றே கூறலாம். வேறினத்தாரை நாம் அதிகம் பார்க்கவில்லையென்பதும் உண்மை. குறை அங்கேதான்.

முதல் வெண்பனி பெய்த காலையிலே, பக்கத்து வீட்டு மூதாட்டியார் ஒரு வாளி உப்பைக் கொண்டுவந்து நம் வாயிற்படியிற் சொரிந்தார். ஜமேய்க்காத் தீவினின்று வந்து நாற்பதாண்டாக அத்தெருவில் வாழ்பவர் அவர். உப்பைக் காலால் மிதித்தல் ஆகாதென்று வளர்ந்த அப்பம்மா பதைத்துக் கதவைத் திறந்து “நோ, நோ” என்றார். படியிலே பனி உறைந்து கால் வழுக்காதிருத்தற்கு அவ்வூரார் யாவரும் இடும் உப்பு அது. அன்றைக்கு அவ்வளவோடு கதவு சாத்தப்பட்டது. சோதனைக்குச் செல்லும் நாள் வந்தபோது வண்டியோட்ட வீட்டில் ஆளில்லை. பெறாமகள் முதன்முறையாக அம்மூதாட்டியார் கதவைத் தட்டித் தன் ஆங்கிலத்திலே தானே கேட்டாள். அவர் தம் வண்டியில் அப்பம்மாவையும் எம்மையும் கொண்டுசென்று நான்கு மணிநேரம் காத்திருந்து மீட்டுக்கொண்டுவந்தார். இம்முறை நாம் குளிர் எத்தனை பாகை என்று கேட்டிலேம். சங்கத்தார் ஒருவரும் வரவில்லையென்று குறைகூறவும் மாட்டோம், அனைவரும் வேலையிலிருந்தனர், அறிந்திருப்பின் மாலையில் வந்திருப்பர். பகல் பதினொரு மணிக்குக் கூப்பிடு தொலைவில் இருப்பவர் அயலவரே.

இவற்றையெல்லாம் கேட்ட நண்பரொருவர், “முதலிலே வயிறு, பின்னர் வீட்டுக் கடன், அதன் பின்னரே நீர் சொல்லும் பேச்சும் கதையும். இரண்டு வேலை பார்ப்பவனுக்கு வகுப்பேது, அயலேது?” என்று கடிந்தார். நியாயமே. நாம் ஆறு திங்கள் விருந்துண்டவர், வாடகை கட்டியவரல்லேம். ஆயினும் அந்நண்பரே கிழமைக்கு மூன்று மாலை சங்கக் கூட்டங்களுக்குப் பொழுது கண்டவர் என்பதையும் இங்கே பதிந்துவைக்கின்றோம்.

பழைய மாணவர் சங்கக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கல்லூரி அதிபர் முகங்கோணினும் துணிந்தெழுதுகின்றோம். கட்டட நிதிக்கு அனுப்பும் பணத்திலே பத்திலொரு பங்கை அங்கேயே நிறுத்திக்கொள்க. புதிதாக வருங் குடும்பத்தார் முதற் பனிக்காலத்தைக் கழிக்க அதனைச் செலவிடுக. பணத்தைப் பார்க்கிலும் வேண்டுவது ஆள். ஆங்கிலம் வல்லவராய், உத்தியோகம் முடித்துப் பகலில் வீட்டிலிருக்கும் முதியோர் ஒவ்வொரு கிளையிலும் உளர். மருத்துவரிடமும் பாடசாலைக்கும் உடன்செல்ல இசைபவர் பத்துப்பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு தாள் போதும். ஐப்பசி பிறக்குமுன்னர் அது புதுக் குடும்பங்களின் கையிற் சேர்தல் வேண்டும். நம் பக்கத்திலே, மேல்வகுப்பு மாணவர் கிழமைக்கு ஒரு பாடவேளை புத்தகத்தை மூடிவைத்து ஆங்கிலத்தில் வாய்திறந்து பேசுதற்கு அடுத்த தவணையிலேயே இடஞ்செய்யுமாறு ஆசிரியர் கூட்டத்திலே கேட்டிருக்கின்றோம். விடை இன்னும் கிடைத்திலது.

சித்திரையிலே பெறாமகளிடமிருந்து கடிதம் வந்தது. ரொறன்ரோப் பொது நூலகக் கிளையொன்றிலே நடைபெறும் ஆங்கில உரையாடல் வட்டத்திற்குக் கிழமைக்கொருமுறை செல்கின்றாளாம். அதற்குக் கட்டணமுமில்லை, குடியுரிமை கேட்பாருமில்லை. சீனத்துப் பெண்ணொருத்தியும் ஈரானியப் பெண்ணொருத்தியும் அவளுக்கு இருபுறமும் அமர்கின்றனராம். மூவருள்ளே தன் இலக்கணமே சிறந்ததென்றும், தன் பேச்சே கடைப்பட்டதென்றும் எழுதியிருந்தாள். அங்கே தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. வரும்போது இரண்டு எடுத்துவருகின்றாள். அப்பம்மாவை மறுபடியும் நிபுணரிடம் கொண்டுசென்றவள் அவளே. மகன் அன்று பாடசாலைக்குச் சென்றிருந்தான். மிளகாய் வறுக்கும் நாளிலே துவாய் வீசுதல் ஒன்றே இப்பொழுது அவனது உத்தியோகம் என்று முடித்திருந்தாள்.